கடல் கடந்த வீரரும் கரையில் நின்ற மக்களும்

ஒரு நாட்டின் மக்கள் கடல் கடந்து செல்வது புதுமையன்று. வணிகர் பொருள் தேடிச் செல்வர். மாணவர் கல்வி தேடிச் செல்வர். உழைப்பாளர் வயிற்றின் பொருட்டுச் செல்வர். அவ்வாறு சென்ற ஒருவர் அந்நிய மண்ணில் என்ன செய்கிறார் என்பதை அறிய, நாடு முழுவதும் நாள்தோறும் காலையில் விழித்திருப்பது மட்டும் அரிதான செய்தி. 2002 ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டில் அத்தகைய அரிய நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மாலை விளக்குகளின் கீழ் நடைபெறும் ஆட்டம், சீனத்தில் மறுநாட் காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியிலே தோன்றும். அலுவலகத்திலும் பாடசாலையிலும் மனத்தை வைத்திருக்க வேண்டிய அந்த நேரத்தில், கோடிக்கணக்கான மக்கள் ஒரு நெடிய இளைஞரின் கைகளையே நோக்கியிருந்தனர். அவர் பெயர் யாவோ மிங்.

அவரிடம் அம்மக்கள் எதைக் கண்டனர்? அவர் வென்றபோது தாமே வென்றதாக மகிழ்ந்ததும், அவர் காலெலும்பு முறிந்தபோது நாட்டுக்கே ஊறு நேர்ந்ததாகக் கலங்கியதும் எக்காரணத்தால்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர் தொடங்கும் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் வகுக்கப்பட்டது. அவ்வாட்டம் சீனத்தை அடைவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. 1895 ஆம் ஆண்டில் தியன்சின் துறைமுக நகரில் அதே சங்கத்தின் கிளை நிறுவப்பட, அதனோடு கூடைப்பந்தும் அங்கு வந்திறங்கியது. ஆகவே, அமெரிக்கர் பலரே இவ்வாட்டத்தை அறியாதிருந்த காலத்தில் சீன இளைஞர் சிலர் அதனை ஆடத் தொடங்கிவிட்டனர். பிற்காலத்தில் அது அவர்களுக்கு அந்நிய விளையாட்டாகத் தோன்றாமைக்கு இதுவே முதற் காரணம்.

தியன்சினில் அச்சங்கம் தோன்றிய காலம் சீனத்துக்குப் பெருந்தாழ்வு நேர்ந்த காலமுமாகும். யப்பானுடன் நிகழ்ந்த போரில் அந்நாடு 1895 ஆம் ஆண்டிலேயே தோல்வியுற்றது. அதன் பின்னர், "கீழை ஆசியாவின் நோயாளி" என்னும் இழிசொல் சீன மக்களின் செவிகளில் அடிக்கடி விழலாயிற்று. முதலில் அரசின் நலிவைச் சுட்டிய அத்தொடர், நாளடைவில் மக்களின் உடல் வலிமையையே பழிப்பதாகப் பொருள் கொள்ளப்பட்டது. அன்று முதல் சீனத்தில் விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பழியைத் துடைக்கும் கருவியாயிற்று. 1932 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிலே சீனத்தின் சார்பில் ஓடியவர் லியு சாங்சுன் என்னும் ஒரே ஒரு வீரர். நெடுங் கடற்பயணத்தால் களைப்புற்ற அவர் முதற் சுற்றோடு நின்றார். நான்காண்டுகளின் பின்னர் பேர்லின் விழாவிலே கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாக நடைபெற்றபோது, சீன அணியும் அதிற் கலந்துகொண்டது.

1949 ஆம் ஆண்டில் மக்கள் குடியரசு நிறுவப்பட்ட பின்னர் விளையாட்டு அரசின் பொறுப்பாயிற்று. 1952 ஆம் ஆண்டில் அமைந்த விளையாட்டு ஆணைக்குழுவின் தலைமையை ஏற்றவர் படைத்தலைவர் ஹே லோங். போர்க்காலத்திலேயே தமது படைப்பிரிவில் கூடைப்பந்து அணியைப் பேணியவர் அவர். படைமுகாம்களிலும் தொழிற்சாலைகளிலும் பாடசாலை முற்றங்களிலும் வளையங்கள் நாட்டப்பட்டன. ஒரு பந்தும் இரு கம்பங்களும் சமமான தரையும் இருந்தாற் போதும் என்ற எளிமையே இவ்வாட்டத்தைச் சிற்றூர்கள் வரை கொண்டு சென்றது. உயரமான சிறுவர் சிறுமியரை இளமையிலேயே தேர்ந்து, அரசின் செலவில் உணவும் உறையுளும் பயிற்சியும் அளிக்கும் முறையும் வேரூன்றியது. கலாசாரப் புரட்சிக் காலத்திலே இவ்வமைப்புச் சிதைவுற்றது. ஹே லோங் துன்புறுத்தப்பட்டு 1969 ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். எனினும் 1979 ஆம் ஆண்டில் சீனம் ஒலிம்பிக் இயக்கத்துக்குத் திரும்பிய காலத்தில் அம்முறை மீண்டும் உயிர் பெற்றிருந்தது. அரசு வளர்த்த வீரர் அரசுக்கே உரியவர் என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே நிலைபெற்றது. இவ்வெண்ணம் பின்வரும் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம்.

இத்தகைய அமைப்பின் நடுவிலேதான் 1980 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் நாள் ஷங்ஹாய் நகரில் யாவோ மிங் பிறந்தார். தந்தை, தாய் இருவரும் கூடைப்பந்து வீரர்கள். தந்தையின் உயரம் 2 மீற்றருக்குச் சற்று மேல். தாயோ நாட்டின் மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். மகன் 2.29 மீற்றர், அதாவது 7 அடி 6 அங்குலம் உயர்ந்தார். பதின்மூன்றாம் வயதளவில் ஷங்ஹாய் ஷார்க்ஸ் கழகத்தின் இளைஞர் அணியிற் சேர்ந்த அவர், 1997 ஆம் ஆண்டில் முதல்நிலை அணியில் ஆடத் தொடங்கினார். அந்நாளில் சீனத்தின் கழகப் போட்டியை ஆண்டு வந்தது மக்கள் விடுதலைப் படையின் பாயி அணி. 1996 முதல் 2001 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அவ்வணியே வாகை சூடியது. 2000 ஆம் ஆண்டிலும் 2001 ஆம் ஆண்டிலும் இறுதிப் போட்டியில் அதனிடம் தோற்ற ஷங்ஹாய் அணி, 2002 ஆம் ஆண்டில் அதனை வென்றது. தம் ஊருக்கு அவ்வெற்றியை ஈட்டிக் கொடுத்த பின்னரே யாவோ மிங் கடல் கடக்க ஆயத்தமானார்.

அவருக்கு முன்னரே அவ்வழியிற் சென்றவர் ஒருவர் உண்டு. பாயி அணியின் வாங் ஜிஜி, 2001 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் டலஸ் அணிக்காக ஆடி, அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கப் போட்டியில் இறங்கிய முதற் சீனர் என்னும் பெயர் பெற்றார். சீன மக்கள் அவரைப் பெருமையுடன் வாழ்த்தினர். ஆனால் 2002 ஆம் ஆண்டுக் கோடையில் நாட்டின் அணியோடு பயிற்சி பெறத் தாயகம் திரும்புமாறு விடுத்த அழைப்பை ஏற்காது அவர் அமெரிக்காவிலேயே தங்கினார். அவ்வாண்டிலேயே தேசிய அணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். படைவீரருமாதலால் அவர் செயல் பலரின் கண்ணுக்குக் கடமை தவறுதலாகவே தோன்றியது. 2006 ஆம் ஆண்டிலேதான் அவர் திரும்பி வந்து, பலரறிய மன்னிப்புக் கோரி, மீண்டும் நாட்டின் அணியில் இடம் பெற்றார். ஒரே மனிதர் முதலிற் பெருமையாகவும், பின்னர் வடுவாகவும், ஈற்றில் மன்னிக்கப்பட்ட மகனாகவும் கருதப்பட்ட இவ்வரலாறு, யாவோ மிங்கின் கண்முன்னே நிகழ்ந்தது.

ஆதலின் யாவோ மிங்கின் பயணம் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்னரே கைகூடியது. அவர் ஈட்டும் வருவாயில் ஒரு பகுதி நாட்டின் விளையாட்டு அமைப்புகளுக்கும் ஷங்ஹாய்க் கழகத்துக்கும் சேர வேண்டும். நாடு அழைக்கும்போது அவர் வந்து ஆடவேண்டும் என்னும் இணக்கம் ஏற்பட்டது. 2002 ஆம் ஆண்டு யூன் 26 ஆம் நாள் நடைபெற்ற வீரர் தெரிவிலே ஹூஸ்டன் ரொக்கட்ஸ் அணி அவரை முதலாமவராகத் தெரிந்தெடுத்தது. அமெரிக்கக் கல்லூரி எதிலும் ஆடாத அயல்நாட்டவர் ஒருவருக்கு அந்த முதலிடம் கிடைத்தது அதுவே முதன்முறை. சீன மக்கள் களிப்படைந்தனர். நாட்டின் பொருளொன்றை அயலாரிடம் இரவலாகக் கொடுத்தோம் என்ற உரிமை உணர்வும் அக்களிப்பிற் கலந்திருந்தது.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. 2002 ஒக்டோபரில் பூசான் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியிலே, சீன அணி 100 புள்ளிகளுக்கு 102 என்ற கணக்கில் தென்கொரியாவிடம் தோற்றது. அக்களைப்போடு ஹூஸ்டன் சென்றடைந்த யாவோ மிங், சில நாள்களின் பின்னரே களமிறங்க நேர்ந்தது. ஒக்டோபர் 30 ஆம் நாள் ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளியும் பெறவில்லை. முன்னாள் வீரராகிய சார்ல்ஸ் பார்க்லி, இவர் எந்த ஆட்டத்திலும் 19 புள்ளிகளைப் பெறமாட்டார் என்று தொலைக்காட்சியிலே பந்தயம் கூறினார். நொவெம்பர் 17 ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக, எய்த ஒன்பது பந்துகளையும் வளையத்துள் வீழ்த்தி, 20 புள்ளிகளைப் பெற்றார் யாவோ மிங். பந்தயத்தில் தோற்றவர் கழுதையொன்றை முத்தமிட நேர்ந்தது. அக்காட்சியைக் கண்டு சிரித்த சீனர் பலருக்கு, அது நெடுநாட் பழிச்சொல் ஒன்றுக்குக் கிடைத்த விடையாகவும் தோன்றியிருக்கும்.

அக்காலத்தில் அமெரிக்கக் களத்தின் மாமல்லராக விளங்கியவர் ஷகீல் ஓநீல். அவர் சீனமொழியை நையாண்டி செய்யும் ஒலிகளால் யாவோ மிங்கைப் பற்றிப் பேசியபோது, அமெரிக்காவில் வாழ்ந்த ஆசியர் பலர் சினங்கொண்டனர். யாவோ மிங்கோ சினவாது, சீனமொழி கற்பதற்குக் கடினமானதுதான் என்று நகைச்சுவையாகக் கூறி விடுத்தார். ஓநீலும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். 2003 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள் இருவரும் முதன்முறையாகக் களத்திலே சந்தித்தனர். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஓநீல் எய்த பந்துகளை யாவோ மிங் தடுத்து வீழ்த்தினார். மேலதிக நேரம் வரை நீண்ட அப்போட்டியில் ஹூஸ்டன் 108 புள்ளிகளுக்கு 104 என்ற கணக்கில் வென்றது. அவ்வாண்டு நட்சத்திர வீரர் ஆட்டத்துக்கான வாக்கெடுப்பிலே சீனமொழியிலும் வாக்குத்தாள் வழங்கப்பட்டது. புதிய வீரராகிய யாவோ மிங் ஓநீலை விட ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வாக்குகளை மிகுதியாகப் பெற்றார்.

மேசைப்பந்து, நீரிற் பாய்தல், உடற்பயிற்சிக் கலை முதலியவற்றில் சீனர் அதற்கு முன்னரும் உலகை வென்றவரே. ஆனால் அவை விரைவும் நுட்பமும் வேண்டும் கலைகள். வலிய உடல்கள் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் ஆசியர் நிலைத்து நிற்பது அரிது என்னும் கருத்து மேல்நாட்டில் மட்டுமன்றிச் சீனத்திலும் நிலவியது. அக்கருத்தை யாவோ மிங் தம் தோள்களாலே தள்ளி அகற்றினார். அவரை "சிறு பூதம்" என்று செல்லமாகவும், "நடமாடும் பெருஞ்சுவர்" என்று பெருமையாகவும் மக்கள் அழைத்தனர். வலிமையோடு பணிவும், இகழ்ச்சிக்கு நகையால் விடை கூறும் பண்பும் அவரிடம் இருந்தன. அயலார் முன்னிலையில் தம்மவர் எவ்வாறு தோன்ற வேண்டுமென அம்மக்கள் விரும்பினரோ, அவ்வாறே அவர் தோன்றினார்.

அன்பு மிகுந்தவிடத்து உரிமை கோருதலும் மிகும். 2003 ஆம் ஆண்டில் கொக்கா-கோலா நிறுவனம் தேசிய அணி வீரர் மூவரின் உருவங்களைத் தன் போத்தல்களிற் பொறித்தது. அவர்களுள் யாவோ மிங்கும் ஒருவர். தேசிய அணியின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையை விளையாட்டு அதிகாரிகளிடமிருந்து பெற்றதாக அந்நிறுவனம் கூறியது. தம் முகம் தமக்கே உரியது என்று யாவோ மிங் ஷங்ஹாய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் கேட்ட நட்டஈடு 1 யுவான் மட்டுமே. ஈற்றில் நிறுவனம் மன்னிப்புக் கோர, வழக்கு முடிவுற்றது. அரசு வளர்த்த வீரரின் உருவம் அரசுக்குரியதா, அவருக்குரியதா என்னும் வினா அந்த ஒரு யுவானிலே அடங்கியிருந்தது.

2005 ஆம் ஆண்டில் வேறொரு விவாதம் எழுந்தது. நாட்டின் முன்மாதிரி உழைப்பாளர்களுள் ஒருவராக யாவோ மிங் மதிக்கப்பட்டார். சுரங்கத்திலும் வயலிலும் ஆலையிலும் வியர்வை சிந்தியோர்க்கென ஏற்பட்ட அவ்விருதை, அயல்நாட்டிற் பெரும் பொருள் ஈட்டும் ஒருவர் பெறுவது தகுமோ என்று சிலர் வினவினர். அவரும் உடலால் உழைப்பவரே, நாட்டின் பெயரை உயர்த்துபவரே என்று வேறு சிலர் விடையிறுத்தனர். யாவோ மிங்கைப் பற்றிய வாதமாகத் தோன்றிய அது, மாறிவரும் சீனத்தில் உழைப்பு எது, தொண்டு எது என்பது பற்றிய வாதமேயாகும்.

நாடு அழைத்தபோதெல்லாம் அவர் வந்தார். 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் விழாவில் சீனக் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. அணி முதல் எட்டு இடங்களுக்குள் வாராதாயின் அரையாண்டுக்கு முகம் மழிப்பதில்லை என்று சூளுரைத்திருந்தார். உலக வாகையராயிருந்த சேர்பியா-மொன்ரனீக்ரோ அணியைச் சீனம் 67 புள்ளிகளுக்கு 66 என்ற கணக்கில் வென்று அவ்விலக்கை அடைந்தது. குளிர்காலம் முழுவதும் அமெரிக்காவிலும், கோடையில் நாட்டின் அணியிலுமாக அவர் ஓய்வின்றி ஆடினார். அவ்வுழைப்பின் சுமை எலும்புகளில் ஏறியது. 2006 ஏப்பிரலில் இடக்கால் பாதம் முறிந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் வலக்காலெலும்பு முறிந்தது. இத்துணைக்குப் பின்னரும், 2007 ஆம் ஆண்டுக் கோடையில் தேசிய அணியின் பயிற்சிக்கு அவர் உரிய வேளையில் வரவில்லையெனக் குறைகூறல் எழுந்தது. அது அவர் திருமணம் செய்துகொண்ட கோடையாகும்.

அதே ஆண்டு நொவெம்பர் 9 ஆம் நாள், மில்வோக்கி அணியிற் சேர்ந்திருந்த இளைய சீன வீரர் யி ஜியன்லியனும் யாவோ மிங்கும் எதிரெதிராக ஆடினர். அவ்வாட்டத்தைச் சீனத்தில் 20 கோடி பேர் வரை பார்த்தனர் என மதிப்பிடப்பட்டது. எந்த அமெரிக்க நகரம் வென்றாலென்ன, இரு பக்கத்திலும் நம்மவர் நிற்கின்றனர் என்பதே பார்த்தவர்களின் மகிழ்ச்சி.

2008 ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாவோ மிங்கின் இடக்காற் பாதத்தில் மீண்டும் எலும்பு முறிவு காணப்பட்டது. பீஜிங் ஒலிம்பிக் விழாவுக்கு ஆறு திங்களே இருந்தன. அவர் ஆறிவிடுவாரா என்பதே நாடெங்கும் பேச்சாயிற்று. மே 12 ஆம் நாள் சிச்சுவான் மாநிலத்தை நிலநடுக்கம் சீர்குலைத்தது. ஏறக்குறைய 70,000 மக்கள் மாண்டனர். இடிந்த கட்டடங்களுட் பாடசாலைகள் பல. யாவோ மிங் முதலில் அறிவித்த நன்கொடை போதாதென்று சிலர் குறை கூறினர். அவர் அதனை உயர்த்தியதோடு, பாடசாலைகளை மீள அமைப்பதற்கென ஓர் அறநிலையத்தையும் நிறுவினார். ஓகஸ்ட் 8 ஆம் நாள், தொடக்க விழாவில் கொடி தாங்கி வந்த அவருக்கருகே, நிலநடுக்கத்தில் தன் வகுப்பு மாணவரைக் காத்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சிறு கொடியுடன் நடந்து வந்தான். அரங்கிலே மிக உயர்ந்தவரும் மிகச் சிறியவனும் ஒருங்கே நடந்த அக்காட்சியிலே, சீன மக்கள் தம் பெருமையையும் துயரையும் சேரக் கண்டனர். இரு நாள்களின் பின்னர் அமெரிக்க அணியுடன் நடந்த போட்டியில் முதற் புள்ளிகளைத் தொலைவிலிருந்து எய்து பெற்றவர் அவரே. சீனம் 70 புள்ளிகளுக்கு 101 என்ற கணக்கிற் தோற்றது. ஆயினும் ஏதென்ஸிற் போலவே முதல் எட்டு அணிகளுள் இடம்பெற்றது.

அதன் பின்னர் உடல் இடங்கொடுக்கவில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதம் அதே பாதம் மீண்டும் முறிந்தது. அடுத்த பருவம் முழுவதையும் அவர் இழந்தார். அதற்கடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டங்களோடு நின்றார். 2011 ஆம் ஆண்டு யூலை 20 ஆம் நாள், ஷங்ஹாய் நகரிலே தம் ஓய்வை அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 30. அமெரிக்கப் போட்டிகளில் 486 ஆட்டங்களில், சராசரியாக ஆட்டமொன்றுக்கு 19 புள்ளிகள் பெற்றிருந்தார். கோடையிலும் ஓய்வு கொடாது அவரை அழைத்தது யார் என்னும் கேள்வி சீனத்திலும் எழுந்தது. அழைத்தவர் அதிகாரிகள் என்பது உண்மை. அவர் வரவேண்டுமென விரும்பியவர் மக்கள் என்பதும் உண்மையே. அன்பே சில வேளைகளில் சுமையாகிவிடுவதை அம்மக்கள் காலந்தாழ்த்தி உணர்ந்தனர்.

ஓய்வுக்குப் பின்னரும் அவ்வுறவு அற்றுவிடவில்லை. நிதி நெருக்கடியுற்ற தம் பழைய ஷங்ஹாய்க் கழகத்தை அவர் 2009 ஆம் ஆண்டிலேயே வாங்கிக் காத்திருந்தார். 2016 ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த புகழ்மாடத்தில் ஓநீலுடன் ஒரே நாளில் இடம் பெற்றார். 2017 ஆம் ஆண்டில் சீனக் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவரானார். வீரரைப் போற்றிய மக்கள் தலைவரை அவ்வாறே போற்றவில்லை. 2019 ஆம் ஆண்டில் சீனத்திலேயே நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் நாட்டின் அணி தளர்ந்தது. 1984 முதல் இடைவிடாது ஒலிம்பிக்கில் ஆடிவந்த ஆடவர் அணி, 2021 இல் நடைபெற்ற தோக்கியோ விழாவுக்குத் தகுதி பெறவில்லை. பாராட்டிய வாய்களே குறை கூறின.

2019 ஒக்டோபரில் ஹூஸ்டன் அணியின் முகாமையாளர் ஹொங்கொங் ஆர்ப்பாட்டக்காரருக்கு ஆதரவு தெரிவித்தபோது, யாவோ மிங் தலைமை வகித்த சங்கமே அவ்வணியுடனான தொடர்பைத் துண்டித்தது. சீன அரசுத் தொலைக்காட்சி அமெரிக்கப் போட்டிகளின் ஒளிபரப்பை நிறுத்தியது. ஒரு காலத்தில் தம் அணியெனக் கொண்டாடிய ஹூஸ்டனை ரசிகர் பலர் வெறுத்தனர். பழைய பற்றை விட இயலாது வேறு சிலர் வருந்தினர். நாட்டுப்பற்றும் விளையாட்டுப் பற்றும் ஒரே திசையில் ஓடியவரை அவற்றை வேறுபிரிக்க எவர்க்கும் தேவை இருந்ததில்லை. அவை பிரிந்த நாளிலேதான் ஒவ்வொருவரும் தமக்குள்ளே தெரிவு செய்ய நேர்ந்தது.

2024 ஆம் ஆண்டில் யாவோ மிங் தலைமைப் பதவியை நீத்தார். 2025 யூன் மாதத்தில், ஷான்டோங் மாநிலத்தைச் சேர்ந்த யாங் ஹன்சென் என்னும் நெடிய இளைஞர் வீரர் தெரிவிலே பதினாறாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போட்லண்ட் அணியை அடைந்தார். மீண்டும் காலை வேளைகளிற் சீனத்து இல்லங்களில் ஓர் இளைஞரின் பெயர் ஒலிக்கலாயிற்று. முன்னவரின் புகழும் அதனோடு வந்த எதிர்பார்ப்பும் இவ்விளைஞரின் தோளில் இப்பொழுதே ஏறியுள்ளன. ஒரு தலைமுறையின் பெருமை மற்றொரு தலைமுறைக்கு அளவுகோலாகும்போது, அது ஊக்கமாகவும் அமையலாம், பாரமாகவும் அமையலாம்.

நலிந்த காலத்தின் பழியைத் துடைக்க ஒருவரை அனுப்பிய நாடு, அவர் துடைத்த பின்னரும் அவரிடம் மேலும் மேலும் கேட்டது. அவரும் இயன்றவரை கொடுத்தார். எலும்பு மறுத்தபோது நின்றார். நம்மவர் என்று ஒருவரைக் கொண்டாடும் மக்கள், அவர் தமக்குரியவராயிருப்பது போலவே தமக்குத் தாமே உரியவரும் ஆவார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். யாவோ மிங்கின் வரலாறு சீனத்து ரசிகர்களுக்கு மட்டுமன்றி, தம் வீரரைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் கரையில் நின்று கைதட்டும் எந்நாட்டு மக்களுக்கும் உணர்த்தும் உண்மை இதுவாகும்.